எங்கட ஒழுங்கைக்கு எவ்வளவு வேகம்?

யுத்த காலத்தில் மட்டக்களப்பு – திருகோணமலை வீதியால் வேகமாகப் போனதாக எங்கட வீட்டுப் பெரியாக்கள் ஒரு கதையும் சொன்னதில்லை. சோதனைச் சாவடி வந்தால் இறங்கி நடக்க வேண்டும். ஓட்டமாவடிப் பாலத்தில் ரயிலுக்கும் வாகனத்துக்கும் ஒரே வழிதான், ரயில் வந்தால் மற்றவர்கள் காத்து நிற்பார்கள். திருகோணமலைப் பக்கம் போனால் ஆறுகளைப் ‘பாதை’யில் ஏறிக் கடக்க வேண்டும். அந்த மெதுவை எங்கட சனம் கேட்டு வாங்கவில்லை. பாதி வறுமை தந்தது, பாதி துவக்கு தந்தது.

2007இல் கிழக்கில் யுத்தம் முடிந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். ஓட்டமாவடியில் வாகனங்களுக்குத் தனிப் பாலம் வந்தது, வீதிகள் காபெட் ரோடாகின, பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பின. கல்குடாவுக்குள் வான்களும் டிப்பர்களும் பாய்ந்து வரத் தொடங்கின. “ரோடு நல்லா வந்திட்டு” என்று சந்தோசப்பட்ட அதே ஆக்கள்தான் இப்ப “புள்ளைய சைக்கிள்ல டியூஷனுக்கு அனுப்பப் பயமாக் கிடக்கு” என்கிறார்கள். இரண்டும் உண்மைதான்.

ஒழுங்கைகளில் வேகத்தைக் குறைப்போம் என்றால் உடனே ஒரு எதிர்ப்பு வரும்: “இவ்வளவு காலமும் மறிச்சது காணாதா, திரும்பவும் தடையா?” இந்தக் கேள்வியை லேசாகத் தட்டிவிட எங்களால் முடியாது. ஆனால் மற்ற ஊர்களின் வரலாற்றைப் பார்த்தால், வேக எல்லையை அதிகாரத்திடம் கேட்டுப் போராடியவர்கள் பல இடங்களில் வீதியோரத்துச் சனம்தான்.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1923இல் சுமார் 42,000 பேர் ஒரு மனுவில் கையெழுத்து வைத்தார்கள். கார்கள் மணிக்கு 25 மைலுக்கு, அதாவது 40 கிலோமீற்றருக்கு மேல் ஓட முடியாதபடி எஞ்சினிலேயே ஒரு கருவி பூட்ட வேண்டும் என்பதுதான் கோரிக்கை. கார் வியாபாரிகள் பெரும் பிரசாரம் செய்தார்கள். அந்த நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் மனு தோற்றுப்போனது.

பிரித்தானியா 1930இல் கார்களுக்கான வேக எல்லையையே தூக்கிவிட்டது. 1934இல் மட்டும் 7,000க்கு மேற்பட்டோர் வீதிகளில் இறந்தார்கள். அடுத்த வருசமே குடிமனைப் பகுதிகளுக்கு 30 மைல் எல்லை வந்தது. நெதர்லாந்தில் 1971இல் வீதிகளில் இறந்தவர்களில் 400க்கு மேற்பட்டவர்கள் சிறுவர்கள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று பெற்றோரும் பிள்ளைகளும் தெருவை மறித்து இருந்தார்கள். 1976இல், வாகனம் நடை வேகத்தில்தான் போகலாம் என்ற குடியிருப்புத் தெருக்களை அந்த நாட்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

வேல்ஸில் 2023 செப்டம்பரில் குடிமனை வீதிகளின் எல்லையை 30 மைலிலிருந்து 20 ஆகக் குறைத்தபோது, அதற்கு எதிராக நாலரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். ஒரு வருசத்தில் அந்த வீதிகளில் காயப்பட்டோர் தொகை ஏறத்தாழக் கால்வாசி குறைந்தது. ஆனாலும் அரசாங்கம் சனத்தின் குறையைக் கேட்டு, பொருந்தாத சில வீதிகளை மீள ஆராய உள்ளூராட்சி சபைகளுக்கு இடம் கொடுத்தது. விவாதம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

எங்கட கணக்கையும் பார்ப்போம். இலங்கையில் குடிமனைப் பகுதியில் கார் மணிக்கு 50 கிலோமீற்றர் போகலாம். அந்த வேகத்தில் ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 14 மீற்றர் ஓடிவிடும். சாரதி கண்டு பிரேக்கில் கால் வைக்கும் முன்பே அவ்வளவு தூரம் போய்விடலாம். 30இல் போனால் அது 8 மீற்றர்தான். கடப்புக்குள்ளிருந்து பந்துக்குப் பின்னால் ஓடிவரும் பிள்ளைக்கு அந்த 6 மீற்றர்தான் உயிர். மோதும் விசையும் 50இல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இதற்காக நாங்கள் இழப்பது என்ன? ஒரு கிலோமீற்றர் ஒழுங்கையில் 48 வினாடி.

பிரதான வீதியையும் இதே அளவுக்குக் குறைக்கச் சொல்லவில்லை. அம்புலன்ஸும் மீன் லொறியும் போக வேண்டும். ஏ, பி வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு; சி, டி வீதிகள் மாகாணத்துடையவை. எங்கட உள் ஒழுங்கைகளோ பெரும்பாலும் பிரதேச சபையின் கையில். ஆகவே பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் தூரத்தில் இல்லை. பள்ளிக்கூடத்தடி, கோயிலடி, பள்ளிவாசலடி, கடற்கரை இறக்கம் என்று எந்தெந்த இடத்தில் வேகத்தடை வேணும் என்பதை அந்தந்த ஒழுங்கைச் சனமே எழுதிக் கொடுக்கலாம். ஆட்டோ ஓட்டுறவர்களையும் ஹோட்டல் வான்காரரையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும்.

அன்று எங்களை மறித்தவர்கள் எங்களிடம் கேட்கவில்லை. காபெட் போட்டவர்களும் எவ்வளவு வேகம் வேணும் என்று கேட்கவில்லை. இந்த முறை முடிவை ஒழுங்கையில் இருக்கிற நாங்களே எடுப்போம்.