தெலுங்கும் ஜார்ஜியமும்

எம் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் அமர்ந்து பணிபுரிபவர் ஒரு தெலுங்கு நண்பர். சென்ற ஆண்டு ஒருநாள் நண்பகல் உணவு வேளையில் அவர், "காகேசிய மலைக்குத் தெற்கே ஜார்ஜியா என்றொரு நாடு உண்டு. அந்நாட்டு மொழிக்கும் எங்கள் தெலுங்குக்கும் உறவு உண்டாம். எழுத்தைப் பாருங்கள், எங்கள் எழுத்தைப் போலவே உருண்டு திரண்டிருக்கிறது" என்று பெருமிதத்துடன் மொழிந்தார். நான் சற்றும் தாமதியாமல், "தெலுங்கு தமிழின் மகள், மகளுக்குத் தாய்வீடு இங்கிருக்கக் காகேசியத்தில் உறவு ஏது?" என்றேன். அவர் முகம் வாடிற்று. ஒரு வாரம் வரை அலுவல் பற்றியன்றி என்னோடு அவர் பேசவில்லை. அதன்பின் கிடைத்த நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது, அவர் கூற்றும் பிழை, என் கூற்றும் பிழை என்பது தெளிவாயிற்று. தமிழரும் தெலுங்கரும் அடுத்தடுத்த வீட்டில் வாழும் இக் கரக்பூர் நகரில் இதனைச் சொல்லிவைப்பது நலம் என்று கருதியே இக்கட்டுரையை வரையலானேன்.

முதலில் எழுத்து. தெலுங்கு எழுத்து பிராமியின் வழிவந்தது. கன்னட எழுத்தோடு உடன்பிறந்தது. அதில் உயிர்க்குறி மெய்யோடு ஒட்டி நிற்கும். ஜார்ஜிய எழுத்தோ 33 தனித்தனி எழுத்துகளை உடையது. உயிரும் மெய்யும் தத்தமக்குரிய இடத்தில் தனியே நிற்கும். அதன் பழைய நெடுங்கணக்கு பெரும்பாலும் கிரேக்க வரிசையைப் பின்பற்றியது. வளைவு ஒன்றே இரண்டுக்கும் பொது.

அடுத்து ஒலி. தெலுங்கில் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும். வண்டியை அவர்கள் 'ரைலு' என்பதையும் நிலையத்தை 'ஸ்டேஷனு' என்பதையும் நாம் நாள்தோறும் கேட்கிறோம். ஜார்ஜியமோ மெய்யெழுத்துகளை மூட்டையாகக் கட்டி வாயில் திணிக்கும் மொழி. 'அவன் எங்களை உரிக்கிறான்' என்பதற்கு அவர்கள் சொல்லும் ஒரே சொல் 'க்வ்ப்ர்த்ஸ்க்வ்னிஸ்' என்பது. உயிரொலி வருமுன் அதில் எட்டு மெய்கள் நிற்கின்றன! இதனை உரக்கச் சொல்லிப் பார்த்து என் மனைவியின் நகைப்புக்கு ஆளானேன்.

எண்களைப் பார்ப்போம். தமிழில் மூன்று, ஐந்து, ஏழு. தெலுங்கில் மூடு, ஐது, ஏடு. உறவு கண்ணுக்குத் தெரிகின்றது. ஜார்ஜியத்தில் எர்த்தி, ஓரி, சாமி. 'சாமி' என்றால் அவர்களுக்கு மூன்று! இருபதுக்கு மேல் அவர்கள் கணக்கும் வேறு. நாற்பது என்பது 'இரண்டு இருபது'. அறுபது 'மூன்று இருபது'. எழுபத்தைந்தை 'மூன்று இருபதும் பதினைந்தும்' என்பர். வாழ்நாள் முழுதும் பத்துப் பத்தாய்க் கூட்டிப் பழகிய எழுத்தரை அந்நாட்டு இருப்புப்பாதைக் கணக்கில் அமர்த்தினால் என்ன பாடுபடுவார் என்று எண்ணிப் பார்த்தேன்.

நண்பர் பெரிதும் நம்பியிருந்தது 'மாமா' என்னும் சொல்லை. தெலுங்கிலும் தமிழிலும் அது அம்மானைக் குறிக்கும். ஜார்ஜியத்தில் 'மாமா' என்றால் தந்தை. தாய்க்கு 'தேதா' என்று பெயர். மழலை வாயில் எளிதில் எழும் இத்தகைய ஒலிகள் உலகெங்கும் முறைப்பெயர்களாகின்றன. அவற்றைக் கொண்டு குலம் நாட்டுதல் இயலாது.

ஆயினும் ஓரிடத்தில் நான் வியந்து நின்றேன். பசியை நாம் 'எனக்குப் பசிக்கிறது' என்கிறோம். தெலுங்கர் 'நாக்கு ஆக்கலிகா உந்தி' என்பர். இரண்டிலும் பசி செய்பவனுடையதன்று, அவனிடம் வந்து சேர்வது. ஜார்ஜியரும் 'ம்ஷியா' என்பர். அதன் முதலில் நிற்கும் 'ம்' என்பதன் பொருள் 'எனக்கு' என்பதே. 'உன்னை நேசிக்கிறேன்' என்பதற்கு அவர்கள் கூறும் 'மிக்வர்ஹர்' என்னும் ஒற்றைச் சொல்லின் உட்பொருளும் 'நீ எனக்கு இனியை' என்பதாம். இவ்வழகு இந்தியிலும் உண்டு. பிற மொழிகளிலும் உண்டு. ஆதலின் இதுவும் உறவுக்குச் சான்றாகாது. மேலும், இறந்தகாலத்தில் இந்தியில் 'நே' வருவதுபோல் ஜார்ஜியத்திலும் எழுவாய் வடிவம் மாறும்: 'கத்ஸி' என்னும் மனிதன், ஒன்றைச் செய்து முடித்தபின் 'கத்ஸ்மா' ஆகிவிடுகிறான். திராவிட மொழிகளில் இவ்வழக்கம் இல்லை.

பல மொழிக் குடும்பங்களுக்கு மேலே ஒரு பெருங்குடும்பம் உண்டெனக் கருதிய சோவியத்து அறிஞர் இல்லிச்-சுவித்திச், 1960களில் ஜார்ஜிய இனத்தையும் திராவிட இனத்தையும் அதனுள் அடக்கினார். மொழியியலாருள் பெரும்பாலோர் அதனை ஏற்றிலர். நண்பர் செவிக்கு எட்டியது இக்கொள்கையின் எதிரொலியாகலாம்.

இனி என் பிழை. தெலுங்கு வடமொழியினின்று பிறந்ததன்று, தமிழ் கன்னடங்களுக்கு உறவானது என்று 1816-லேயே சென்னையில் எல்லிஸ் துரை நிறுவினார். 1856-இல் கால்டுவெல் அதனை விரித்தார். அவர்கள் காட்டியது ஒரு பொது மூதாதையை, தமிழைத் தாயாகவன்று. இன்றைய ஆய்வின்படி தெலுங்குக்கு நம்மைவிட நெருங்கியவை கோண்டி, கூய், கொண்டா முதலிய மலைநாட்டு மொழிகள். மகள் என்று நான் சொன்னவள் பெரிய குடும்பத்தின் வேறொரு கிளையில் பிறந்தவள். மறுநாளே நண்பரிடம் இதனை ஒப்புக்கொண்டேன்.

குருதியுறவு இல்லையெனினும், இரு மொழிகளின் வரலாறும் அருகருகே வைத்துப் பார்க்கத்தக்கவை. ஜார்ஜியாவின் போல்நிசித் தேவாலயக் கல்வெட்டு ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது. கடப்பை மாவட்டத்து எர்ரகுடிபாடு கல்வெட்டு ஏறத்தாழக் கி.பி. 575-இல் எழுந்தது. பதினோராம் நூற்றாண்டில் இராசராச நரேந்திரன் அவையில் நன்னயர் பாரதத்தைத் தெலுங்கில் தொடங்கினார். 1184 முதல் 1213 வரை ஆண்ட தாமார் அரசியின் காலத்தில் ருஸ்தவேலி ஜார்ஜியத்தின் பெருங்காப்பியத்தை யாத்தார். ஆந்திரத்துக்கெனத் தனி மாநிலம் வேண்டிச் சென்னையில் உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 திசம்பர் 15-இல் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1978-இல் சோவியத்து ஜார்ஜியாவின் புதிய அரசியலமைப்பில் ஜார்ஜிய மொழியின் தனி ஆட்சிமொழித் தகுதியை நீக்க முற்பட்டபோது, ஏப்ரல் 14 அன்று திபிலிசி வீதிகளில் மாணவர் திரண்டனர். அன்றே அம்முயற்சி கைவிடப்பட்டது.

2011 கணக்கெடுப்பின்படி தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் 8 கோடியினர். ஜார்ஜியம் பேசுவோர் 40 லட்சம் அளவினரே. எனினும் அதற்கொரு நாடும் அரசும் உண்டு. அதன் உடன்பிறந்த மிங்கிரேலியமும் சுவானும் வீட்டளவில் நிற்கின்றன. அவற்றைப் பேசுவோரும் எழுதுவது ஜார்ஜியத்திலேயே. இங்கே கோண்டி பேசுவோர் அதே கணக்கெடுப்பில் ஏறத்தாழ 30 லட்சம். ஜார்ஜியருக்குச் சிறிதே குறைவு. ஆயினும் நம் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் அம்மொழிக்கு இடமில்லை.

இதனை நண்பரிடம் கூறியபோது அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். ஆதிலாபாத்துப் பக்கம் சிறுவயதைக் கழித்தவர் அவர். கோண்டியில் தமக்குத் தெரிந்தவை இரண்டே சொற்கள் என்றும், அவையும் ஆடு மேய்க்கும் சிறுவனை ஏவுவதற்குக் கற்றவை என்றும் சொன்னார்.