விளக்கம் சொன்னவரின் குரல்

மேடவாக்கத்திலிருந்து பேருந்தேறி நகரத்துச் சிறிய அரங்கொன்றுக்குப் போய், பிரெஞ்சுக்காரரான ஜாக் தத்தி 1967இல் வெளியிட்ட ‘ப்ளேடைம்’ என்னும் ஹாஸ்யப் படத்தைப் பார்த்தபோது, சம்பாஷணையும் சொற்பம், சம்பவமும் மந்தகதி என்ற நிலையில் எனக்கு ஏற்பட்ட ஏமாற்றம், பழைய சரித்திரமொன்றை நினைவூட்டியது. ஆங்கிலமே அறியாத நம் முன்னோர் வெளிநாட்டு ஹாஸ்யப் படங்களைக் கண்டு எப்படி வயிறு குலுங்கச் சிரித்தார்கள்?

திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரமடித்தது முதல், சாப்ளினின் மௌனப் படங்கள் பிரசித்தி பெற்ற நாள் வரையில், நம் கொட்டகைகளில் ஓடியவற்றுள் பெரும்பகுதி அந்நிய தேசத்துச் சரக்கே. ஆயினும் அவை அந்நியமாகத் தோன்றவில்லை. திரையருகே நின்ற ஒருவர், இடையிடையே தோன்றும் ஆங்கில வாசகங்களைத் தமிழில் சொன்னதோடு நில்லாமல், தம் மனோதர்மப்படி வியாக்கியானமும் செய்தார். ஆர்மோனியமும் தபலாவும் உடன் ஒலித்தன. கைப்பிடியைச் சுழற்றிப் படம் ஓட்டியவராலோ வேண்டுமிடத்தில் வேகத்தைக் கூட்ட முடிந்தது. படத்தின் கதியை நிர்ணயித்தவர் அதை எடுத்தவர் மட்டுமல்லர். இந்த மூவகையினரும் அதில் பங்காளிகள். அவர்களுள் விளக்கம் சொன்னவரையே நான் மேலான கலைஞராகக் கருதுகிறேன். அவர் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை என்பது பெருங்குறை.

1931 மே மாதத்தில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அக்டோபர் இறுதியில் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ திரையில் பேசியது. தென்புறத்துக் கிராமவாசிகளுக்குப் பட்டணத்துக் கொட்டகைகள் எட்டும் தூரத்துக்கு வந்த அதே வருஷத்தில், அவர்களுக்காகப் பேசிய மனிதரின் தொழில் அஸ்தமிக்கலாயிற்று. பிற்பாடு கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், நடிகை மதுரத்தோடு சேர்ந்து தனிப் பகுதியாக ஹாஸ்யத்தை அமைத்துத் தர, இதோ சிரிக்கும் இடம் என்று தெளிவாக அறிந்து சிரிக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியது.

தத்தியோ அவ்விதம் அடையாளம் காட்டுபவரல்லர். பாரிஸுக்கு அருகே கண்ணாடியும் எஃகுமாக ஒரு நகரத்தையே நிர்மாணித்து, அதனால் கடனில் மூழ்கி, 70 எம்.எம். அகலத் திரைக்கென்று எடுத்த அந்தப் படத்தில், ஹாஸ்யம் சட்டத்தின் மூலைமுடுக்குகளில் ஒதுங்கியிருக்கிறது. சிறிய திரையில் அந்த மூலைகளை என் கண் தவறவிட்டதில் வியப்பில்லை.

விருந்துச் சாலையின் கண்ணாடிக் கதவு நொறுங்கியபின், வாயிற்காவலர் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு, இல்லாத கதவைத் திறந்து மூடும் காட்சி வந்தது. அரங்கு மௌனமாயிருந்தது. என் பக்கத்திலிருந்த பெரியவர் தம் பேரனிடம், “கதவே இல்லடா, கையிலே பிடி மட்டும்தான் இருக்கு, பாரு” என்று தணிந்த குரலில் சொன்னார், பையன் சிரித்தான், அதன் பிறகே நானும் சிரித்தேன்.