பீகல் குட்டி வளர்க்கிறீங்களா? செம்பனைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகும் முன் இதைப் படிங்க

பீகல் குட்டியை ஒரு தடவை மடியில் வச்சுப் பார்த்தவங்க வெறுங்கையோட வீடு திரும்புறது கஷ்டம். தொங்கும் காது, நனைஞ்ச மூக்கு, "நான் ஒண்ணுமே பண்ணலையே" என்ற அந்தப் பார்வை. ஆனா நீங்க டிக்டாக்கில் பார்க்கிற பீகல் பெரும்பாலும் நகரத்து வீட்டில் வளர்வது. உங்க வீடு பத்தாங் பெர்ஜுந்தாய், ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் என்றால் கதை வேற. வாசல் கதவைத் திறந்தா எதிரே செம்பனை.

(2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது உண்மைதான். ஆனா ஊர்க்காரங்க வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். இங்கேயும் அப்படியே வச்சுக்குவோம்.)

தோட்டப் பகுதியில் பீகல் வளர்ப்பது நல்ல யோசனையா? நல்ல யோசனைதான். இந்த இனத்துக்கு வேண்டிய மண், புல், வாசனை எல்லாம் அங்கே இருக்கு. சிக்கல் என்னன்னா, அதே மண்ணில்தான் அதைக் கொல்லக்கூடிய சில விஷயங்களும் கிடக்கு.

மூக்கு போற பக்கம் கால் போகும்

பீகல் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட இனம். வேலை ரொம்ப எளிமை: தரையில் மூக்கை வச்சு, வாசனையை விடாம துரத்தணும். மனுஷன் மூக்கில் சுமார் 5 மில்லியன் வாசனை உணரிகள் என்றால், பீகலுக்கு 220 மில்லியன் வரை இருப்பதா பொதுவா சொல்வாங்க. அமெரிக்க விவசாயத் துறை 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டியில் ஒளிஞ்சிருக்கும் பழம், இறைச்சியைக் கண்டுபிடிக்க பீகல்களைத்தான் நிறுத்தியது. சின்ன உருவம், யாரையும் பயமுறுத்தாத முகம், சாப்பாட்டுக்காக எதையும் செய்யும் குணம். மூணும் அந்த வேலைக்குப் பொருந்தியது.

இந்த மூணாவது குணம்தான் வீட்டில் தலைவலி. வாசனை பிடிச்சிட்டா உங்க குரல் அதுக்குக் கேட்காது. கேட்டாலும் திரும்பாது. இதைப் பிடிவாதம்னு திட்டாதீங்க, பல தலைமுறையா அதுக்குக் கொடுத்த வேலையே அதுதான். அதனால் வேலி இல்லாத இடத்தில் பீகலைக் கயிறில்லாம விடக்கூடாது. குட்டியா இருக்கும்போதும் சரி, மூணு வயசானாலும் சரி.

செம்பனைக்கும் நாய்க்குட்டிக்கும் என்ன சம்பந்தம்?

மலேசியாவின் முதல் வணிக ரீதியிலான செம்பனைத் தோட்டம் உங்க ஊரில்தான். 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்ரி ஃபோக்கோனியே தென்னமாரம் தோட்டத்தில் நட்டார். (பிறகு நாவல் எழுதி, 1930-இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசும் வாங்கினார்.) அன்றைக்கு ஆரம்பிச்சது, இன்றைக்குக் கோலசிலாங்கூர் முழுக்கக் குலை தள்ளி நிக்குது.

குலை இருந்தா எலி இருக்கும். செம்பனைப் பழத்தின் சதை எலிக்கு விருந்து. எலியைக் கட்டுப்படுத்த தோட்டங்களில் ரெண்டு வழி. ஒண்ணு கூகை. கம்பத்து மேல் மரப்பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பீங்க, அது கூகைக்குக் கட்டிக்கொடுத்த வீடு. இன்னொண்ணு எலி மருந்து. மெழுகுக் கட்டி மாதிரி, மரத்தடியில் வைப்பாங்க. எலியை இழுக்க அதில் தானியமும் வாசனையும் கலந்திருக்கும். எலிக்கு மணக்கிறது பீகலுக்கு மணக்காதா?

இந்த மருந்துகளில் பெரும்பாலானவை ரத்தம் உறையாமல் தடுக்கிறவை. தின்ன அன்னைக்கு நாய் ஜாலியா ஓடும், வாலாட்டும், சோறு கேட்கும். நீங்களும் "ஒண்ணும் ஆகல"ன்னு விட்டுடுவீங்க. ரெண்டு முதல் அஞ்சு நாள் கழிச்சுத்தான் ஆரம்பிக்கும்: சோர்வு, வெளுத்துப்போன ஈறு, மூச்சு வாங்கல், இருமல், மூக்கில் ரத்தம், கறுத்த மலம். அதுக்குள்ள உடம்புக்குள் ரத்தம் கசிஞ்சிருக்கும்.

தின்னதை நேரில் பார்த்தாலோ, வாயில் நிறம் ஒட்டியிருந்தாலோ, அறிகுறிக்குக் காத்திருக்காம உடனே கிளினிக் போங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள போனா மருத்துவர் வாந்தி எடுக்க வைக்கும் வாய்ப்பு உண்டு. வீட்டில் உப்புத் தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்காதீங்க, அதுவே உயிருக்கு ஆபத்தாகும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வகைக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்து, பல வாரம் தொடர்ந்து கொடுக்கணும். பாதியில் நிறுத்தினா ரத்தக்கசிவு திரும்பும். ஆனா எல்லா எலி மருந்தும் ஒரே வகை இல்லை, சிலதுக்கு மாற்று மருந்தே கிடையாது. அதனால் பாக்கெட், மிச்சக் கட்டி, குறைஞ்சது ஒரு போட்டோவாவது கையோட கொண்டு போங்க.

செத்த எலியைக் கடிச்சாலும் இதே கவலைதான். மருந்து வைக்கும் நாள் எதுன்னு தோட்டத்தில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அண்ணனிடமோ கிராணியிடமோ கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். கேட்க ஒரு நிமிஷம் போதும்.

புல்லுக்கு மருந்து அடிச்ச இடமும் கவனம். ரொம்ப நச்சுத்தன்மை உள்ள பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. மற்ற களைக்கொல்லிகள் புழக்கத்தில் இருக்கு. ஈரம் காயாத புல்லில் நடந்த நாய் வீட்டுக்கு வந்து பாதத்தை நக்கும். நக்கறதுக்கு முன்னாடி கழுவிடுங்க.

ஊசி முடியாம வெளியே கூட்டிப் போகலாமா?

தரையில் இறக்க வேண்டாம். தூக்கிக்கிட்டுப் போகலாம்.

பயம் பார்வோ வைரஸ் மேல. நோய் வந்த நாயின் மலத்தில் வெளியாகி, மண்ணில் பல மாசம், சில இடங்களில் ஒரு வருஷம் கூட உயிரோட இருக்கும். தோட்டப் பக்கம் அலையும் நாய்கள் எத்தனைன்னு உங்களுக்கே தெரியும். வாந்தி, நாற்றத்தோட ரத்தப்போக்கு, சாப்பாட்டைப் பார்த்தும் திரும்பாத முகம். பீகல் சாப்பாட்டை மறுத்தாலே அது செய்திதான். பார்வோவில் குட்டி ஒரு நாள் தாமதத்தில் கூடக் கைவிட்டுப் போயிடும்.

முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில். பிறகு ரெண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் தாண்டும் வரை. பலர் ரெண்டு ஊசியோட நிறுத்திடுறாங்க, தப்பு அங்கேதான். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி மிச்சமிருந்தா அது ஊசியின் வேலையைத் தடுக்கும், அது எப்போ குறையும்னு குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 16 வாரக் கணக்கு. கடைசி ஊசிக்குப் பிறகும் ஒண்ணு ரெண்டு வாரம் பொறுங்க.

அதுக்காகக் குட்டியை நாலு சுவருக்குள்ள பூட்டி வைக்கவும் கூடாது. மூணு மாசத்துக்குள்ள பார்த்த உலகம்தான் அதுக்குப் பழகின உலகம். தோளில் போட்டுக்கிட்டு பசார் வரைக்கும் போய்வாங்க. லோரி சத்தம், மோட்டார், பள்ளிப் பிள்ளைங்க கூச்சல், கோயில் மேளம் எல்லாம் கேட்கட்டும். ஊசி போட்ட, ஆரோக்கியமான நாய் இருக்கும் நண்பர் வீட்டில் விளையாட விடலாம்.

வெறிநாய்க்கடி ஊசி தேவையான்னு கேட்பவங்க உண்டு. தீபகற்பத்தில் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் தலைகாட்டியது. 2017 முதல் சரவாக் போராடிக்கிட்டு இருக்கு. சிலாங்கூர்தானேன்னு இருக்காம மருத்துவரிடம் பேசுங்க.

உண்ணி, கொசு, பாரிட் தண்ணி

புல்லில் புரண்டுட்டு வந்த பீகலின் காதைப் புரட்டிப் பாருங்க. காது மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடியில், கால்விரல் இடுக்கு: உண்ணிக்குப் பிடிச்ச மூணு இடம். உண்ணிக் காய்ச்சல் நம்ம நாட்டில் சாதாரணமா வரும் நோய். காய்ச்சல், வெளுத்த ஈறு, சில சமயம் மூக்கில் ரத்தம். ரத்தப் பரிசோதனை செய்து சீக்கிரம் பிடிச்சா மருந்தில் குணமாகும். உண்ணியை மண்ணெண்ணெய் ஊத்தி எடுக்கும் பழைய வைத்தியம் வேண்டாம். மாசாமாசம் கொடுக்கும் மாத்திரையோ கழுத்தில் விடும் சொட்டோ இருக்கு, மருத்துவரிடம் வாங்குங்க.

கொசுவால் வருவது இதயப்புழு. அதுக்கும் மாத மருந்துதான். ஒரு மாசம் மறந்தா என்ன என்று நினைக்காதீங்க: புழு வளர்ந்து இதயத்தில் குடியேறிட்டா சிகிச்சை நீளம், செலவு, ஆபத்து மூணும் கூடும்.

மழைக்குப் பிறகு பாரிட் நிறைஞ்சு ஓடும்போது பீகலுக்குக் கொண்டாட்டம். உள்ளே இறங்க விடாதீங்க. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், ஊரில் "கென்சிங் தீக்கூஸ்" என்று சொல்வாங்களே, அது நாய்க்கும் வரும், நாயிலிருந்து உங்களுக்கும் வரும். வெள்ளம் வடிஞ்ச வாரங்களில் இன்னும் கவனம். இதுக்குத் தடுப்பூசி உண்டு, வருஷா வருஷம் போடணும்.

வறட்சி மாசங்களில் வேற பிரச்சினை. ராஜா மூசா காட்டுப் பக்கம் காம்புட் மண் தீப்பிடிச்சா புகை வீட்டுக்குள்ளேயே வரும். காற்றுத் தூய்மைக் குறியீடு 100-ஐத் தாண்டினா நீங்க ஜாகிங்கை நிறுத்துவீங்க இல்லையா, குட்டிக்கும் அன்னைக்கு வீட்டுக்குள்ளதான் விளையாட்டு.

பீகலுக்கே உரிய சில கவலைகள்

தொங்கும் காது காற்றோட்டம் இல்லாத காது. நம்ம வெக்கையில் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒரு முறை முகர்ந்து பாருங்க. புளிச்ச வாடை அடிச்சா கிளினிக். கண் ஓரத்தில் சிவப்பா ஒரு மொட்டு தள்ளி நின்னா அது "செர்ரி ஐ". பார்க்கப் பயமா இருக்கும், அறுவை சிகிச்சையில் சரியாகும். வலிப்பும் இந்த இனத்தில் கொஞ்சம் அதிகம்.

அதிகம் பேசப்படாத ஒண்ணு இருக்கு. 6 முதல் 18 மாசத்துக்குள்ள, திடீர்னு காய்ச்சல், கழுத்தைத் திருப்ப முடியாத வலி, குனிஞ்சு சாப்பிட மறுப்பு. மூளை, தண்டுவட உறையில் வரும் அழற்சி இது. "பீகல் வலி நோய்" என்றே ஒரு காலத்தில் பேர். உண்ணிக் காய்ச்சல்னு நினைச்சு நாட்கள் வீணாகலாம். கழுத்து வலியை மருத்துவரிடம் மறக்காம சொல்லுங்க. பனடோல், புரூஃபென் மாதிரி நம்ம மாத்திரையை உடைச்சுக் கொடுக்கவே கூடாது.

அப்புறம் எடை. வளர்ந்த பீகல் பொதுவா 9 முதல் 13 கிலோ. நம்ம பாட்டிமார் கையில் அது 18-ஐ எட்டுவது ஒண்ணும் அதிசயமில்லை. குழம்புச் சோத்தில் வெங்காயம் இருக்கு, அது நாயின் ரத்தத்துக்கு ஆகாது. விலா எலும்பு கையில் தட்டுப்படணும், கண்ணில் தெரியக்கூடாது.

சரி, ஜாலி எப்போ?

காலை எட்டுக்கு முன்னாடி, மாலை ஆறுக்குப் பின்னாடி. தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியலைன்னா அதன் பாதமும் தாங்காது.

பீகலுக்கு ஓட்டத்தை விட மோப்பம்தான் பெரிய விளையாட்டு. பத்து மீட்டர் கயிறு, நெஞ்சில் மாட்டும் ஹார்னெஸ், அவசரமில்லாத அரை மணி நேரம். ஒரே கம்பத்தை மூணு நிமிஷம் மோந்தாலும் இழுக்காதீங்க. இருபது நிமிஷம் நல்லா மோப்பம் பிடிச்ச குட்டி வீட்டுக்கு வந்து தூங்கும், செருப்பைக் கடிக்காது.

புல்லில் அதன் சாப்பாட்டில் ஒரு கைப்பிடியை இறைச்சுத் தேட விடுங்க. கொஞ்சம் பழகினதும், அவிச்ச கோழித் துண்டை நூலில் கட்டித் தரையில் இழுத்து வளைவு வளைவா தடம் போட்டு, கடைசியில் ஒளிச்சு வையுங்க. முதல் நாள் அஞ்சு மீட்டர் போதும். தடம் பிடிக்கும்போது அதன் வால் நுனி ஆடுவதைப் பாருங்க, அதுக்காகவே தினமும் செய்வீங்க.

வயசு ஒண்ணு ஆகும் வரை சைக்கிள் பின்னாடி ஓட விடுவது, உயரத்திலிருந்து குதிக்க வைப்பது வேண்டாம், எலும்பு முனைகள் இன்னும் இறுகலை. தோட்டத்துக்குள்ள போக அனுமதி கேளுங்க, அது தனியார் நிலம். செம்மண் பாதையோட நின்னுக்குங்க. வெட்டின ஓலையை அடுக்கி வச்ச வரிசைக்குள்ள மூக்கை விட விடாதீங்க: முள் ஒரு பக்கம், எலியைத் தேடி வரும் நாகம் ஒரு பக்கம். நாகம் கண்ணில் விஷத்தைத் துப்பினா நிறையத் தண்ணி விட்டுக் கழுவிக்கிட்டே கிளினிக் போங்க. தேரையைக் கவ்வி நுரை தள்ளினா, தலையைக் கீழே சாய்ச்சு ஈரத்துணியால் ஈறைத் துடைங்க.

பொதுப் பூங்காவில் நாய்க்குத் தடைன்னு பலகை இருக்கான்னு பாருங்க. எதிரே வருபவர் நாயைத் தொட விரும்பாதவரா இருக்கலாம். கயிறைச் சுருக்கி ஓரமா ஒதுங்கினா யாருக்கும் சங்கடமில்லை. மலத்தை அள்ளப் பிளாஸ்டிக் பை பாக்கெட்டில் இருக்கட்டும்.

தனியா விட்டா பீகல் ஊளையிடும். லயத்து வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும், கெட்ட சகுனம்னு பக்கத்து வீட்டுப் பாட்டி வருத்தப்படுவாங்க. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு தனிமைக்கு மெல்லப் பழக்குங்க. நாள் முழுக்கக் கட்டிப்போட்டு வளர்க்க நினைச்சா இந்த இனமே வேண்டாம். 2015 விலங்குநலச் சட்டத்தில் வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூணு வருஷம் வரை சிறையோ, ரெண்டுமோ கிடைக்கலாம்.

காணாமல் போயிட்டா?

நகராண்மைக் கழகத்தில் லைசன்ஸ் எடுத்து, பட்டையில் போன் நம்பரும் தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் இருந்தா பாதிக் கவலை குறையும். தீபாவளிக்கு முந்தின வாரம் பட்டாசுச் சத்தத்தில்தான் நிறைய நாய் ஓடும், அந்த நாட்களில் கேட்டை ரெண்டு தடவை பாருங்க.

அப்படியும் தோட்டத்துக்குள்ள ஓடிட்டா, பின்னாடி துரத்தாதீங்க, விளையாட்டுன்னு நினைச்சு இன்னும் தூரம் போகும். கடைசியா பார்த்த இடத்தில் நீங்க போட்டுக் கழட்டின, துவைக்காத டி-ஷர்ட்டையும் ஒரு கிண்ணம் தண்ணியையும் வச்சிட்டு, ஒருத்தர் அங்கேயே இருங்க. துரத்தின வாசனை தீர்ந்ததும் பீகல் பல தடவை தன் தடத்தையே மோந்துக்கிட்டுத் திரும்பி வரும்.