உப்புக்கும் மிளகுக்கும் காசு

பிளாக்பூல் லேண்ட்லேடியைப் பற்றிய பழைய நகைச்சுவை ஒன்று உண்டு. உணவு மேசையில் வைத்த உப்பு, மிளகுக் குப்பிகளுக்கும் அவள் பில்லில் காசு போட்டுவிடுவாள். இங்கிலாந்தின் மேடை நகைச்சுவைக்காரர்கள் இதைச் சொல்லித் தலைமுறை தலைமுறையாகக் கைதட்டல் வாங்கியிருக்கிறார்கள். அவள் காசு போட்டது உண்மைதான். ஏன் போட்டாள் என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. அதைத் தேடிப்போனபோது எனக்குக் கிடைத்தது இன்னொரு கேள்விக்கான விடை. கையில் பெரிய முதல் இல்லாத, பெயர் தெரியாத ஒரு பெண், தன் வீட்டில் வந்து தங்கும்படி முதல் விருந்தாளியை எப்படிச் சம்மதிக்கவைத்தாள்?

பிளாக்பூல் இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் இருக்கிறது. 1846இல் அங்கே ரயில் வந்தது. அதற்குக் கிழக்கே லங்காஷயரின் பஞ்சாலை நகரங்கள்: ஓல்டம், போல்ட்டன், பர்ன்லி, பிளாக்பர்ன். நம் கைத்தறியை நொடிக்கவைத்த துணி வந்த ஊர்கள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் இவற்றைப் படித்தோம். அந்த ஆலைகளில் தறி ஓட்டியவர்களில் பெரும்பகுதி பெண்கள் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை. கோடையில் ஒவ்வொரு நகரமும் தன் முறை வரும்போது ஆலைகளை மொத்தமாக மூடும். இதற்கு ‘வேக்ஸ்’ வாரம் என்று பெயர். அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது. ஆண்டு முழுவதும் சீட்டுப் போல வாரந்தோறும் சில்லறை கட்டிச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு ஊரே கடற்கரைக்கு ரயில் ஏறும். சம்பளத்தோடு விடுமுறை என்ற சட்டம் 1938இல்தான் வந்தது.

கணக்கைப் பாருங்கள். ஓராண்டுச் சேமிப்பு, ஒரே வாரம். அந்த வாரத்தை முன்பின் தெரியாத ஒருத்தியின் வீட்டில் கழிக்க வேண்டும். படுக்கையில் மூட்டைப்பூச்சி இருக்குமா, பெட்டியில் வைத்த காசு இருக்குமா, கடைசி நாளில் பில் எங்கே போய் நிற்கும்? நான்கைந்து தறிக்காரப் பெண்கள் சேர்ந்து வருகிறார்கள் என்றால், ராத்திரி கதவுக்குத் தாழ் இருக்குமா என்ற கேள்வியும் சேரும். புதிதாக வீடு திறந்தவளிடம் இவற்றுக்குப் பதில் இல்லை. அவள் வீட்டில் தங்கிப் போனவர்கள் யாரும் இல்லையே, சாட்சி சொல்ல.

நகராட்சியும் விளம்பரம் செய்தது. 1879இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக, ஊரை விளம்பரப்படுத்தவே வரி வசூலிக்கும் உரிமையை பிளாக்பூல் வாங்கியிருந்தது. அந்தக் காலத்தில் வேறு நகரங்களுக்கு இல்லாத உரிமை அது. அதே ஆண்டில் கடற்கரைச் சாலையில் மின்விளக்கு எரிந்தது. 1894இல் கோபுரம் திறந்தது. ஆனால் விளம்பரத் தட்டிகள் கூட்டத்தை ரயில் நிலையம் வரைக்கும்தான் கொண்டுவரும். அங்கிருந்து பின்தெருவில் இருக்கும் குறிப்பிட்ட ஒரு கதவுக்குக் கொண்டுவர வேறு ஏதாவது வேண்டும்.

ஊர்ப்பெயர்தான் அது. லேண்ட்லேடிகளில் ஏராளமானோர் அதே பஞ்சாலை ஊர்களிலிருந்து வந்தவர்கள். கணவனை இழந்தவர்கள், மணமாகாத சகோதரிகள், கணவனின் வருமானம் ஓராண்டு இருந்து மறு ஆண்டு இல்லாமல்போன மனைவிகள். சேமிப்பைக் கொண்டு ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு வரிசைவீட்டை வாடகைக்கு எடுப்பார்கள். சன்னலில் அட்டை தொங்கும். தான் எந்த ஊர்க்காரி என்பதையும் சிலர் எழுதி வைப்பார்கள். வீட்டுக்கே தன் ஊரின் பெயரை வைத்தவர்களும் உண்டு. ஓல்டமிலிருந்து வந்து இறங்கும் குடும்பத்துக்கு அந்தப் பெயர் போதும். இவள் நம்மை ஏமாற்றினால் இவள் அக்காள் நம் தெருவில்தானே இருக்கிறாள்! முதல் கோடையில் வந்தவர்கள் பெரும்பாலும் சித்தி மகள், பக்கத்துத் தறிக்காரி, தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவர்கள் ஊர் திரும்பி ஆலைக்குள் சொன்னதுதான் இரண்டாவது கோடை. தறிச் சத்தத்தில் காது கேட்காது என்பதால் அந்தப் பெண்கள் உதட்டசைவிலேயே பேசிக்கொள்வார்கள். லேண்ட்லேடியின் வீட்டுச் சுத்தமும் அப்படித்தான் ஊருக்குப் பரவியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். போகும்போதே அடுத்த ஆண்டுக்கு அதே வாரம், அதே அறை என்று சொல்லிவைத்துவிட்டுப் போன குடும்பங்கள் பல.

இந்த நம்பிக்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஊர்க்காரி வீட்டில் தங்கினால் ஊரின் கண்ணும் கூடவே வரும். தன் கூலியில் தன் சிநேகிதிகளோடு வந்த பத்தொன்பது வயதுப் பெண் எத்தனை மணிக்கு வாசல் ஏறினாள் என்பது அவளுக்கு முன்பே அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்போது உப்புக்கு வருவோம். அன்றிருந்த ஏற்பாட்டின்படி வீட்டுக்காரி விற்றது படுக்கையையும் தன் கைவேலையையும்தான், சாப்பாட்டை அல்ல. விருந்தாளிகள் காலையில் கடைக்குப் போய்த் தங்களுக்கான இறைச்சி, முட்டை, வெண்ணெய் வாங்கி வந்து கொடுப்பார்கள். அவள் சமைத்துத் தர வேண்டும். ஆறு குடும்பம் இருந்தால் ஆறு பொட்டலம், ஒரு அடுப்பு. இவருடைய மாட்டிறைச்சித் துண்டு அவருடைய தட்டுக்குப் போய்விடக் கூடாது. ஒருவர் கறி நன்றாக வேக வேண்டும், மற்றவருடையது வேகக் கூடாது. மீதியை அடையாளம் மாறாமல் எடுத்துவைக்க வேண்டும். இதில் அவள் தன் கையிலிருந்து போட்டது உப்பு, மிளகு, வினிகர், வெந்நீர். அதற்குத்தான் அவள் தனியாகச் சில காசு கேட்டாள். சமைத்ததற்குத் தனிக் கூலி கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்? சமையல் உழைப்பு பில்லில் ஏறாது, உப்பு ஏறும்.

தமிழ் படித்த எனக்கு இந்த இடத்தில் மாதரி நினைவுக்கு வருகிறாள். மதுரைப் புறஞ்சேரியில் கோவலனையும் கண்ணகியையும் தங்கவைத்த இடைச்சி. அவளுக்கும் அவர்கள் முன்பின் தெரியாதவர்கள். கவுந்தியடிகளின் சொல்தான் அறிமுகச் சீட்டு. அங்கே ஏற்பாடு தலைகீழ்: மாதரி புதுக்கலமும் அரிசியும் காய்களும் கொடுக்கிறாள், வந்தவளான கண்ணகி சமைக்கிறாள். அன்று உணவுக்குப் பின்தான், கணவன் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் தகுதியைத் தான் இழந்திருந்ததைக் கண்ணகி சொல்கிறாள். விருந்தோம்பலை மனைவியின் அறமாக்கிய மரபு, கணவன் அருகில் இல்லாதபோது அதையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. வகுப்பில் இந்த இடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். கணவனில்லாத பிளாக்பூல் பெண்ணோ கதவைத் திறந்தாள், காசும் வாங்கினாள். அவள் நல்லவள் என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்கு அது தேவையும் இல்லை, வாடகை கட்ட வேண்டியிருந்தது.

சட்டம் அவளை எப்படி நடத்தியது என்பது இன்னும் விசித்திரம். 1870க்கு முன், மணமான பெண் சம்பாதித்த காசு கணவனுடையது. அந்த ஆண்டின் சட்டம் அவளுடைய சொந்த உழைப்பின் வருமானத்தை அவளுக்கே ஆக்கியது. சொத்து முழுவதும் கைக்கு வர 1882 ஆயிற்று. 1869 முதல் வரி கட்டும் பெண்கள் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்றார்கள். மணமானவர்களுக்கு அது பொருந்தாது என்று 1872இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆக ஒரே தெருவில், ஒரே தொழிலில், விதவைக்கு வாக்கு உண்டு, அடுத்த வீட்டுச் சுமங்கலிக்கு இல்லை. வீட்டுப் பத்திரமும் கதவுப் பெயரும் கணவன் பேரில் இருந்தால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவன் தொழில் மட்டும் பதிவாகி, இவளுக்கு நேரே கட்டம் காலியாகவே கிடக்கும்.

ஆகஸ்டில் வீடு நிரம்பும்போது ஒரே கட்டிலில் நான்கு பேர் படுப்பார்கள். வீட்டுக்காரியின் குடும்பம் சமையலறைத் தரையில் தூங்கும். காலை உணவு முடிந்ததும் விருந்தாளிகளை வெளியே அனுப்பிவிடுவாள் என்பது இன்னொரு பிரபல நகைச்சுவை. மழையில் நடுங்கி நின்றவர்களுக்கு அது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அத்தனை படுக்கையை உதறி, அத்தனை சட்டியைக் கழுவி, மதியச் சமையலை ஏற்ற அவளுக்குக் கிடைத்த நேரம் அது ஒன்றுதான். இருபதாம் நூற்றாண்டில் டொனால்ட் மெக்கில் போன்றவர்கள் வரைந்த கடற்கரைத் தபால் அட்டைகளில் அவள் பருத்த உடம்பும் கடுகடுத்த முகமுமாக நிற்கிறாள். அவள் வீட்டில் தங்கியவர்களே அவற்றை வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள்.

இரண்டாம் உலகப் போரில் அவளுக்கு விருந்தாளி தேடும் கவலை இல்லாமல்போனது. பயிற்சிக்கு வந்த விமானப்படை வீரர்களை அரசே வீடுவீடாகப் பிரித்து அனுப்பியது. மறுக்க முடியாது, விலையும் அரசு சொன்னதுதான்.

போருக்குப் பிறகு காலனி நாடுகளிலிருந்து குடியேறிய கறுப்பின மக்கள் அறை தேடிக் கதவு தட்டியபோது, நாடெங்கும் பல லேண்ட்லேடிகளின் சன்னல் அட்டைகள் அவர்களுக்கு இடமில்லை என்றன. இனப் பாகுபாட்டைத் தடுக்க 1965இல் வந்த முதல் சட்டமும் ஹோட்டல்களைச் சேர்த்துக்கொண்டு, தனியார் தங்கல்வீடுகளை விட்டுவிட்டது. நம் ஊர்க்காரி என்ற ஒரு சொல்லில் ஓல்டம் குடும்பத்துக்குத் திறந்த கதவு, அதே சொல்லால் இவர்களுக்கு மூடியது. இந்தப் பெண்கள் மீது எனக்கு இருக்கும் பிரியத்தை இந்த இடத்தில் தனியே எடுத்துவைத்துவிட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஜான் கே. வால்ட்டன் ‘பிளாக்பூல் லேண்ட்லேடி’ என்ற தலைப்பிலேயே ஒரு சமூக வரலாற்று நூலை 1978இல் எழுதினார். அதற்குள் ஆலைகள் பல மூடிவிட்டன. எஞ்சிய தறிக்காரிகளின் மகள்கள் விமானம் ஏறி ஸ்பெயின் கடற்கரைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்.