நீதிமன்றத்தில் உமாராணி

1939இல் ஹாலிவுட்டில் ஃபிராங்க் காப்ரா எடுத்த படமொன்றில், ஊழலை எதிர்த்து நிற்கும் ஓர் இளம் செனட்டர், குரல் கம்மும்வரை சபையில் பேசி மயங்கி விழுகிறார். அதே ஆண்டு மே 20ஆம் தேதி வெளியான ‘தியாகபூமி’யில் கதையைத் தாங்குவது எந்த அரசியல்வாதியும் அல்ல. 1904இல் பாபநாசத்தில் பிறந்து, கும்பகோணத்தில் வக்கீல் தொழில் பார்த்துவிட்டுச் சினிமாவுக்கு வந்த கே. சுப்ரமண்யம், கல்கியின் கதையை எடுத்துக்கொண்டு ஓர் அக்ரகாரத்துத் தகப்பனையும் மகளையும் நடுவில் நிறுத்தினார். தகப்பன் சம்பு சாஸ்திரியாக நடித்தவர் பாபநாசம் சிவன். காந்தியைக் காட்டும் நிஜப் படச்சுருள், கதர், ஊர்வலம் ஆகியவற்றுக்காகவே இதை அரசியல் படம் என்கிறோம். ஆனால் இதன் அரசியல் இரண்டு தீர்ப்புகளில்தான் இருக்கிறது என்பேன்.

முதல் தீர்ப்பு ஊருடையது. புயலில் குடிசை இழந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சாஸ்திரி தன் வீட்டில் இடம் கொடுக்கிறார். அக்ரகாரம் அவரைத் தள்ளிவைக்கிறது. மதுரை மீனாட்சி கோயிலில் வைத்தியநாதய்யர் ஆலயப் பிரவேசம் நடத்தியது அந்த ஜூலை 8ஆம் தேதி. படம் அதற்கும் முந்தியது. இரண்டாவது சர்க்கார் கோர்ட்டுடையது. சாஸ்திரியின் மகளைக் கர்ப்பிணியாக இருந்தபோது விரட்டியடித்த புருஷன், அவள் பணக்கார உமாராணியாகத் திரும்பியதும், சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரி வழக்குப் போடுகிறான். மகளாக நடித்த எஸ்.டி. சுப்புலட்சுமி கூண்டில் நின்று மறுக்கிறார். வேண்டுமானால் அவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாகச் சொல்கிறார். மனைவி வாங்கும் பணத்தைப் புருஷன் பக்கம் திருப்பிவிடும் அந்த ஒரு பேச்சில், பெண்ணைச் சொத்தாக வைத்திருந்த ஏற்பாடு முழுவதும் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. வக்கீலாக இருந்தவர் எடுத்த காட்சி அது.

வெள்ளைக்கார அரசு படத்தைத் தடைசெய்தது காங்கிரஸ் பிரச்சாரத்துக்காகத்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ராஜாஜி மந்திரிசபை 1939 அக்டோபரில் விலகியது. தடை அடுத்த ஆண்டு வந்தது. ஆனால் அரசு எதற்கு அஞ்சியது என்பது வேறு, அக்ரகாரத்து நடுக்கூடத்தை எது உலுக்கியது என்பது வேறு. இன்னொரு ஆட்சேபம் கனமானது: கடைசியில் அவளும் புருஷனும் தேசப் போராட்டத்தில் ஒன்றாகி விடுகிறார்களே? ஆம், அங்கே கல்கியும் சுப்ரமண்யமும் பின்வாங்கினார்கள். எனக்கு அதில் வருத்தமே. ஆனாலும் அவள் போவது கோர்ட் உத்தரவுக்குப் பணிந்து அல்ல. அந்த மறுப்பை அவள் வாபஸ் வாங்குவதும் இல்லை. நாடெங்கும் இந்துப் பெண்ணுக்கு விவாகரத்து உரிமை தந்த திருமணச் சட்டம் வர, அதற்குப் பிறகு 16 வருஷம் பிடித்தது.