நம்பிக்கை இடைவெளி

புள்ளியியலில் நம்பிக்கை இடைவெளி என்பது, முழுமைத்தொகுதி ஒன்றின் அறியப்படாத விகிதம், சராசரி போன்ற அளவைகளைக் கூறு ஒன்றிலிருந்து மதிப்பிடும்போது, அம்மதிப்பீட்டுடன் தரப்படும் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடைப்பட்ட பகுதி ஆகும். இக்கருத்தை 1937 இல் முறைப்படுத்தியவர் போலந்துக் கணிதவியலாளர் யெர்சி நெய்மன். 95% என்பது முறைக்கு உரிய எண்ணாகும்; அதே முறையில் பலமுறை கூறெடுத்தால், கிடைக்கும் இடைவெளிகளில் ஏறத்தாழ 95% உண்மை மதிப்பை உள்ளடக்கும். கணக்கிட்டு முடித்த ஓர் இடைவெளிக்குள் உண்மை மதிப்பு இருப்பதற்கான நிகழ்தகவு 95% என்று கூறுவது பரவலான பிழை.

விகிதத்திற்கான இடைவெளி

யானைக்கால் நோய் ஒழிப்பில் இதன் பயனைக் காணலாம். புதுச்சேரியில் 1975 இல் நிறுவப்பட்ட நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981-1985 காலப்பகுதியில் அந்நகரில் இந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுக்களைக் கட்டுப்படுத்தும் திட்டத்தை நடத்தியது. 2004 முதல் இந்தியாவில் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுதோறும் மாத்திரை வழங்கும் திட்டம் விரிவாக்கப்பட்டது. மாத்திரையை உரிய காலத்திற்கு முன்பே நிறுத்தினால் நோய் மீண்டும் பரவக்கூடும்.

உலக சுகாதார அமைப்பின் 2011 ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, இக்கொசு பரப்பும் பகுதிகளில் 6-7 வயதுக் குழந்தைகளிடம் தொற்று 2 விழுக்காட்டுக்குக் கீழ் இருத்தல் வேண்டும். மக்கள்தொகை மிகுந்த பகுதியில் 1692 குழந்தைகளைச் சோதித்தால், 20 பேர் வரை மட்டுமே தொற்று இருக்கலாம். 1692 இல் 2% ஏறத்தாழ 34 ஆயினும், வரம்பு 20 என வைக்கப்பட்டதன் காரணம் கூறெடுப்புப் பிழையே. 20/1692 = 0.0118. இதன் 95% இடைவெளி:

0.0118 ± 1.96 × √(0.0118 × 0.9882 ÷ 1692)

அதாவது 0.67% முதல் 1.70% வரை. இது எளிய சமவாய்ப்புக் கூறுக்கு உரியது. குழந்தைகள் பள்ளி பள்ளியாகத் தெரிவு செய்யப்படுகையில், ஒரே ஊரினர் ஒத்திருப்பதால் மாறுபாடு கூடும். அது இரு மடங்கானால் மேல் எல்லை 1.91% ஆகும்.

ஒருவருக்கும் தொற்று இல்லையெனில் இச்சூத்திரம் பயன்படாது, இடைவெளியின் அகலம் சுழியாகிவிடும். அப்போது 3 ஐக் கூறின் அளவால் வகுத்து மேல் எல்லையைத் தோராயமாகப் பெறலாம். 300 பேரில் ஒருவருமில்லை எனில் 1%.

சராசரிகளின் வேறுபாடு

எடுத்துக்காட்டாக, இரு பகுதிகளில் தலா 50 வீடுகளில் பிடிபட்ட கொசுக்களின் சராசரி 24, 19 எனவும், திட்ட விலக்கம் 10, 11 எனவும் கொள்வோம். வேறுபாட்டின் திட்டப்பிழை √(100/50 + 121/50) = 2.10. எனவே வேறுபாட்டின் இடைவெளி 5 ± 4.12, அதாவது 0.88 முதல் 9.12 வரை. இதில் சுழி அடங்கவில்லை. ஆகவே வேறுபாடு 5% மட்டத்தில் குறிப்பிடத்தக்கது. ஆனால் தனித்தனி இடைவெளிகள் (21.2-26.8, 16.0-22.0) ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. படிவதை மட்டும் பார்த்து வேறுபாடில்லை என முடிவு செய்தல் தவறாகும்.