சகாயிங் கப்பலும் சேற்றின் மின்னிழைகளும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் கொடிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என அங்கு கொடி ஏற்றியோர் பற்றியும், 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டமை பற்றியும் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அவர்கள் விட்டுச்சென்ற இரும்புக்கு நேர்ந்த கதியைப் பேசுவோர் அரியர். அக்கதியை அறிய விழையும் வரலாற்று மாணவன், சுவடிச்சாலையோடு நின்றுவிடாது நுண்ணங்கியியலாரின் ஆய்வுகூடத்தையும் நாடவேண்டியுள்ளது.

சகாயிங் என்னும் பயணிகள் கப்பல் இதற்குத் தக்க சான்றாகும். பர்மாவுடன் வணிகம் நடத்திய ஹென்டர்சன் கம்பனியார் தம் கப்பல்களுக்குப் பர்மிய இடப்பெயர்களைச் சூட்டுவது வழக்கம். ஐராவதி நதிக்கரையிலுள்ள பழைய தலைநகரொன்றின் பெயர் இதற்கு வாய்த்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள், ஜப்பானியரின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கியபோது, உள்ளே நங்கூரமிட்டிருந்த சகாயிங் குண்டுபட்டுத் தீப்பற்றிக் கைவிடப்பட்டது. எரிந்த கூட்டையும் ஆங்கிலேயர் வீணாக்கவில்லை. 1943இல் அதனைத் துறைமுகத்துக்குள்ளேயே அமிழ்த்தி இறங்குதுறையாகப் பயன்படுத்தினர். ஏறத்தாழ 138 மீற்றர் நீளமான அக்கூடு 35 அடி ஆழத்தில் முக்கால் நூற்றாண்டு கிடந்தது. 2017 செப்டெம்பரில் இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் வேலையைத் தொடங்கி, சிதைந்த பக்கங்களுக்குச் செயற்கைச் சுவர் பொருத்தி, நீரை இறைத்து, 2018 மார்ச் 22ஆம் நாள் அதனை மிதக்கச் செய்தனர்.

செயற்கைச் சுவர் தேவைப்பட்டதேன்? குண்டும் தீயும் உப்பும் என்று விடை கூறுதல் எளிது. பெருமளவுக்கு அவ்விடை சரியானதே. எனினும் அது முழு விடையன்று. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். அமைதியான உட்துறைமுகத்தின் சேற்றிலோ, மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீற்றருக்குள்ளேயே ஒட்சிசன் தீர்ந்துவிடுகிறது. அப்பாடத்தின்படி சேற்றில் புதைந்த இரும்பு நெடுங்காலம் நிலைக்கவேண்டும். அது நிலைப்பதில்லை.

இப்புதிரை முதலில் முறையாக ஆராய்ந்தோர் ஒல்லாந்தர் என்பது சுவையான செய்தி. தம் நாட்டின் ஈரநிலத்தில் புதைத்த வார்ப்பிரும்புக் குழாய்கள் கத்தியாற் செதுக்கத்தக்க அளவு மென்மையுற்றதைக் கண்ட வொன் வொல்சொகன் கூர், வான் டெர் விளக்ட் என்னும் இருவர் 1934இல் ஒரு விளக்கத்தை வெளியிட்டனர். ஒட்சிசனற்ற இடத்தில் வாழும் சில பற்றீரியாக்கள் சல்பேற்றைச் சுவாசிக்கின்றன; இரும்பின் மேற்பரப்பில் தோன்றும் ஐதரசனை அவை இடையறாது உண்டு தீர்ப்பதால் இரும்பு மேலும் மேலும் கரைகிறது என்பது அவர்தம் கருத்து. கடல்நீரில் சல்பேற்றுக்குக் குறைவில்லை. அச்சுவாசத்தின் எச்சமாகிய ஐதரசன் சல்பைட்டே, கண்டல் வேர்களிடையே கருஞ்சேற்றைக் கிளறுவோர் மூக்கில் அழுகிய முட்டையாய் நாறுவது.

இவ்விளக்கம் எழுபது ஆண்டுகள் கோலோச்சியது. 2004இல் ஜேர்மனியின் பிறேமன் நகரில் விடல் என்பாரின் குழுவினர், ஐதரசனைக் கொண்டு விளக்கமுடியாத வேகத்தில் இரும்பை அரிக்கும் பற்றீரியாக்களைக் கடற்படிவிலிருந்து பிரித்தெடுத்தனர். அவை இரும்பிலிருந்து இலத்திரன்களை நேரடியாகவே பறிக்கின்றன என்று அவர்கள் முடிவுகட்டினர். ஆனால் உயிர்க்கலத்தின் மென்சவ்வு மின்னைக் கடத்தாதது. கலத்துக்கு வெளியே கிடக்கும் உலோகத்தோடு அதன் உட்புறம் எவ்வாறு தொடர்புகொள்ளும்?

விடைக்கான வழி எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1987இல் டெறெக் லவ்லியும் அவர்தம் துணைவரும் அமெரிக்காவின் பொற்றோமாக் ஆற்றுப் படிவிலிருந்து, இரும்பு ஒட்சைட்டின்மீது இலத்திரன்களை இறக்கிச் சுவாசிக்கும் நுண்ணங்கியொன்றைப் பிரித்தமை பற்றி எழுதினர். ஜியோபக்ரர் என்று பின்னர் பெயர்பெற்ற இனம் அது. 2005இல் அவ்வினத்தின் உடலிலிருந்து நீளும் புரத இழைகள் மின்னைக் கடத்துவதை ஜெம்மா றெகுவேராவும் லவ்லியும் பிறரும் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் அறிவித்தனர். பற்றீரியாக்கள் பொருள்களைப் பற்றிக்கொள்ள உதவும் பிலி என்னும் இழைகளே இவ்வாறு கம்பியாகின்றன என்றனர். 2011இல் அக்கருத்தை வலியுறுத்திய ஆய்வின் முதலாசிரியர் நிகில் மல்வாங்கர் என்னும் இந்திய ஆய்வாளர்.

இங்கேதான் வரலாறு திரும்புகிறது. அதே மல்வாங்கர், யேல் பல்கலைக்கழகத்தில் தமக்கென ஆய்வுகூடம் அமைத்தபின், வேர்ஜீனியாவின் எகெல்மனுடன் சேர்ந்து, உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் இழையின் கட்டமைப்பையே படம்பிடித்தார். 2019இல் வெளியான முடிவு பழைய கருத்துக்கு மாறானது. இழை பிலியன்று, ஓ.எம்.சி.எஸ். என்னும் சைற்றோகுரோம் புரதம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரம். ஒவ்வொரு புரதத்திலும் ஆறு ஈம் மூலக்கூறுகள்; அடுத்தடுத்தவை ஒரு நானோமீற்றருக்கும் குறைந்த இடைவெளியில் அமைய, இலத்திரன்கள் அவற்றின்வழி ஓடுகின்றன. இழையின் தடிப்பு ஏறத்தாழ 4 நானோமீற்றர், அதாவது மனிதத் தலைமயிரில் சுமார் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. ஈம் என்பது குருதியின் செந்நிறத்துக்குக் காரணமான அதே இரும்புச் சேர்வையின் இனம். இரும்பில் மூச்சுவிடும் உயிர் தன் கம்பியையும் இரும்பு கோத்தே நெய்கிறது. லவ்லி தம் முன்னைய கருத்தைக் கைவிடவில்லை. வழக்கு இன்னும் தீரவில்லையெனினும், கட்டமைப்பைக் கண்ணாற் காட்டிய தரப்பின் கையே ஓங்கியுள்ளதெனல் தகும்.

இரும்பை அரிப்பனவற்றிலும் இத்தகைய பல ஈம் கொண்ட சைற்றோகுரோம்கள் உள்ளன என்பதை 2018இல் ஜப்பானிய ஆய்வாளர் காட்டினர். ஜியோபக்ரர் வெளியே தள்ளும் இலத்திரன்களை இவை உள்ளே இழுக்கின்றன; திசை வேறாயினும் கருவி ஒன்றே. சகாயிங்கை எரித்த நாட்டினரே, அதுபோன்ற கப்பல்களைச் சேறு தின்னும் வழியையும் விளக்க நேர்ந்தது.

வரலாற்றாசிரியனுக்கு இதனால் எழும் இடர் சிறிதன்று. அமிழ்ந்த கப்பலை அவன் ஆவணமாகக் கொள்கிறான். ஆனால் தகட்டிலுள்ள துளை 1942இன் குண்டு இட்டதா, 1943இல் அமிழ்த்தியோர் இட்டதா, அன்றிச் சேற்றிலும் சிப்பிகளின் அடியிலும் ஒட்சிசனற்று வாழ்ந்த பற்றீரியாக்கள் இட்டதா என்பதைப் பிரித்தறியாமல் அவ்வாவணத்தை வாசிக்க இயலாது.

இடர் கடலோடு முடிவதுமன்று. சீனன்குடாவில் பிரித்தானியர் இரண்டாம் உலகப்போருக்கு முன் எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்று அன்றைய தாக்குதலில் எரிந்தழிந்தது. எஞ்சிய 99இல் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 61 இரண்டும் இணைந்த கம்பனிக்குமாக 2022 சனவரியில் உடன்படிக்கை ஒப்பமிடப்பட்டது. எண்ணெய்த் தாங்கியின் அடியில் நீர் தேங்குவது இயல்பு. சல்பேற்றுப் பற்றீரியாக்கள் விரும்பிக் குடியேறும் இடமும் அதுவே. அத்தாங்கிகளைப் புதுப்பிக்க முற்படுவோர் முதலில் அளக்கவேண்டியது கண்ணுக்குத் தெரியும் மேற்சுவரின் துருவையன்று. அந்நீர்ப்படையின் கீழிருந்த அடித்தகட்டின் தடிப்பையேயாகும்.